டுலூத் நகரின் பழைய வீடுகள்: பராமரிப்பும் மேம்பாடும்

டுலூத் என்பது ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் அமைந்துள்ள ஒரு சிறிய துறைமுக நகரம் ஆகும். இந்நகரின் வீடுகளில் கணிசமானவை இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் கட்டப்பட்ட மரவீடுகள். நீண்ட கடுங்குளிரில் இவற்றைச் சிதையாமல் பேணுவதும், எரிபொருள் செலவு குறையும்படி மேம்படுத்துவதும் இங்கு வாழ்வோரின் அன்றாடக் கவலைகளுள் ஒன்று. குளிர்நாட்டு வீட்டில் வெப்பம், காற்று, ஈரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் மாறும். இதை அறியாமல் செய்யப்படும் மேம்பாடு, நூறாண்டு நின்ற வீட்டைச் சில ஆண்டுகளிலேயே கெடுத்துவிடக்கூடும். சில வேளைகளில் உயிருக்கும் ஆபத்தாக முடியும்.

பின்னணி

டுலூத் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மரம், தானியம், இரும்புத்தாது ஆகியவற்றின் ஏற்றுமதியால் விரைந்து வளர்ந்தது. ஏரியை நோக்கிச் சரியும் பாறைக் குன்றின் மீது தொழிலாளர் வீடுகளும் வணிகர் வீடுகளும் எழுந்தன. 1960 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,07,000 ஆக இருந்த மக்கள் தொகை, பின்னர் தொழில்கள் நலிந்ததால் குறைந்து, 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 86,697 ஆக உள்ளது. மக்கள் குறைந்த ஊரில் புது வீடுகளுக்கான தேவையும் குறைவு. ஆகவே பழைய வீடுகள் இடிக்கப்படாமல் கைமாறி வந்துள்ளன. சுற்றுலாப் பயணிகள் காண்பது 1908 இல் கட்டி முடிக்கப்பட்ட கிளென்சீன் மாளிகையைத்தான். ஆனால் இக்கட்டுரையின் பொருள் அத்தகைய மாளிகைகள் அல்ல. குன்றுச் சரிவில் நெருங்கி நிற்கும் சாதாரண இரண்டு மாடி மரவீடுகளே.

சனவரி மாதத்தில் இங்கு சராசரி வெப்பநிலை சுமார் −12 °செ ஆகும். 1885 சனவரி 2 ஆம் நாள் பதிவான −40.6 °செ இந்நகரின் மிகக் குறைந்த வெப்பநிலை. நிலமும் ஆழமாக உறைகிறது. உறையும் மண் விரிந்து கட்டிடத்தைத் தூக்காதிருக்க, வட மினசோட்டாவில் அடித்தளம் 5 அடி (சுமார் 1.5 மீட்டர்) ஆழம் வரை செல்லவேண்டும் எனக் கட்டிட விதிகள் கூறுகின்றன.

பழைய வீட்டின் அமைப்பு

அக்கால வீடுகள் பலவற்றின் சுவர்கள் "பலூன் சட்டகம்" எனப்படும் முறையில் அமைந்தவை. இம்முறையில் சுவரின் நிலைக்கால்கள் அடித்தளத்திலிருந்து கூரை வரை இடையில் முறியாமல் செல்லும். கால்களுக்கு இடையே உள்ள வெற்றிடமும் அவ்வாறே கீழிருந்து மேல் வரை திறந்திருக்கும். வெளிப்புறம் மரப்பலகைகளாலும், உட்புறம் மெல்லிய மரப்பட்டிகளின் மேல் பூசிய சாந்தாலும் மூடப்பட்டது. நடுவில் பெரும்பாலும் காற்றைத் தவிர வேறொன்றும் இராது. இவ்வெற்றிடம் ஒரு புகைபோக்கியைப் போன்றது. நிலவறையின் குளிர்காற்றையும், தீப்பிடித்தால் நெருப்பையும் அது நேரே மேலே கொண்டு செல்லும்.

இத்தகைய வீடு எரிபொருளை விழுங்கும் என்பது உண்மையே. எனினும் ஒரு நன்மையும் இருந்தது. நிலவறையில் எரிந்த நிலக்கரி உலையின் வெப்பம் சுவர்களினூடே தாராளமாக வெளியேறியதால், சுவருக்குள் புகுந்த ஈரம் தங்காமல் உலர்ந்தது. வீடு கசிந்தது, கசிந்ததால் உலர்ந்தது, உலர்ந்ததால் நிலைத்தது. கசிவை நிறுத்த முனைபவர் ஈரம் இனி எவ்வழியே செல்லும் என்பதையும் எண்ணியாக வேண்டும்.

காற்றுக் கசிவு

சூடான காற்று அடர்த்தி குறைந்தது, எனவே மேலெழும். குளிர்காலத்தில் வீட்டின் மேற்பகுதியில் உள்ள இடுக்குகள் வழியே சூடான காற்று வெளியேற, அதை ஈடுசெய்யக் கீழ்ப்பகுதி வழியே குளிர்காற்று உள்ளிழுக்கப்படுகிறது. இது புகைபோக்கி விளைவு எனப்படும். உள்ளும் வெளியும் வெப்பநிலை வேறுபாடு கூடக்கூட இவ்விளைவும் வலுக்கும். டுலூத்தின் சனவரி இரவில் வேறுபாடு 40 பாகை செல்சியசைத் தாண்டுவது அரிதன்று.

பலர் முதலில் சாளரத்தையும் கதவையுமே குறை கூறுவர். உண்மையில் பெரிய கசிவுகள் கண்ணில் படாத இடங்களில் உள்ளன. புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடைவெளி, குழாய்களும் மின்கம்பிகளும் மேலேறும் துளைகள், உட்சுவர்களின் திறந்த உச்சி, அடித்தளக் கல்லின் மீது மரச்சட்டம் அமரும் விளிம்பு ஆகியன அவை. இவற்றைக் கண்டறிய, வாசற்கதவில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தி, வீட்டினுள் காற்றழுத்தத்தை வெளியைவிட 50 பாசுக்கல் குறைத்துச் சோதிப்பர். அப்போது ஒவ்வோர் இடுக்கிலும் காற்று உள்ளே பாய்வதைக் கையாலேயே உணரலாம்.

பனிக்கட்டி அணை

கூரையின் தாவாரத்தில் தொங்கும் நீண்ட பனிக்கட்டி ஊசிகள் ஒளிப்படத்தில் அழகாகத் தோன்றும். அவை வீட்டின் நோயறிகுறி. வீட்டிலிருந்து தப்பும் வெப்பம் கூரையின் அடிப்பரப்பைச் சூடாக்க, மேலே படிந்துள்ள பனியின் அடிப்படை உருகுகிறது. உருகிய நீர் கீழே வழிந்து, சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் தாவாரத்தை அடைகிறது. அங்கு அடியிலிருந்து வெப்பம் இல்லை. நீர் மீண்டும் உறைகிறது. இவ்வாறு விளிம்பில் ஓர் அணை எழ, அதன் பின்னே தேங்கும் நீர் கூரைத் தகடுகளுக்கு அடியில் புகுந்து சுவரையும் உட்கூரையையும் நனைக்கிறது. மழைநீரை வழியவிடவே அத்தகடுகள் அமைக்கப்பட்டவை. தேங்கும் நீரைத் தாங்க அல்ல.

நீண்ட கைப்பிடி கொண்ட வாரியால் பனியை இழுத்துத் தள்ளுவது உடனடி நிவாரணம். மின்சூடேற்றிக் கம்பிகளைத் தாவாரத்தில் பதிப்பதும் உண்டு. அது தப்பிய வெப்பத்துக்குப் பணம் கொடுத்தபின், மேலும் வெப்பத்துக்குப் பணம் கொடுப்பதாகும். கூரையைக் குளிராகவே வைத்திருப்பதுதான் தீர்வு: மேல்தள உட்கூரையின் இடுக்குகளை அடைத்து, அதன் மேல் போதிய காப்புப் பொருளை இட்டு, கூரைக்கு அடியில் வெளிக்காற்று உலவ வழி விடுதல்.

வெப்பக் காப்பு

அமெரிக்காவில் காப்புப் பொருளின் தடை ஆற்றல் "ஆர்" மதிப்பால் குறிக்கப்படுகிறது. மதிப்பு இரட்டித்தால் அதன் வழியே செல்லும் வெப்பம் பாதியாகும். ஆர்-5 இலிருந்து ஆர்-20 க்கு உயர்த்தினால் முக்கால் பங்கு இழப்பு குறையும். ஆர்-40 இலிருந்து ஆர்-60 க்கு உயர்த்துவதில் எஞ்சிய சிறு இழப்பில் மூன்றில் ஒரு பங்கே குறையும். எனவே ஒன்றுமில்லாத சுவருக்கு முதலில் இடும் சில அங்குலமே பெரும் பலன் தருவது. டுலூத் போன்ற இடங்களில் கூரையடிக்கு ஆர்-49 முதல் ஆர்-60 வரை பரிந்துரைக்கப்படுகிறது. பழைய செய்தித்தாளிலிருந்து செய்யப்படும் செல்லுலோசு இழையாயின் இதற்குச் சுமார் 35 முதல் 43 செ.மீ. தடிப்பு வேண்டும். சுவர்களுக்கு வெளிப்பலகையைக் கழற்றித் துளையிட்டு, அதே இழையைக் காற்றழுத்தத்தால் இறுக நிரப்புவர். இது பலூன் சட்டகத்தின் உள்வழியையும் அடைக்கிறது.

காப்பு இடுமுன் கூரையடியை ஆராய்வது இன்றியமையாதது. பழைய வீடுகளில் பீங்கான் குமிழ்களில் தாங்கப்பட்ட மின்கம்பிகள் இன்னும் மின்னோட்டத்துடன் இருக்கலாம். இக்கம்பிகள் தம் வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றில் விடும்படி அமைந்தவை. காப்புப் பொருளால் மூடினால் சூடேறித் தீப்பற்றக்கூடும். அங்கே பழுப்பு நிறத்தில் மினுங்கும் கூழாங்கல் போன்ற வெர்மிகுலைட்டு இருந்தால் அதனைத் தொடவே கூடாது. 1990 இல் மூடப்படும் வரை அமெரிக்க வெர்மிகுலைட்டில் 70 விழுக்காட்டுக்கு மேல் வழங்கிய மொன்டானா மாநிலத்தின் லிபி சுரங்கம், கல்நார் கலந்த ஒன்றாகும்.

ஈரத்தைப் பொறுத்தவரை, குளியலறை விசிறியின் குழாய் கூரையடியில் முடியாமல் வெளிவரை செல்லவேண்டும். மிக எளிய வேலை. மிக அதிகமாக மறக்கப்படுவதும் இதுவே. மறந்தால் நீராவி குளிர்ந்த கூரைப்பலகையில் உறைபனியாகப் படியும். வசந்த காலத்தில் அது உருகிச் சொட்டும்போது வீட்டார் கூரை ஒழுகுவதாக எண்ணிக் கூரையை மாற்றுவர்.

உலையும் புகைபோக்கியும்

நிலக்கரி உலைகள் பின்னர் எண்ணெய்க்கும் இயற்கை எரிவாயுவுக்கும் மாறின. இன்றைய ஒடுக்க வகை உலைகள் எரிபொருளின் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்குத் தருகின்றன. இவற்றின் கழிவு வளிமம் குளிர்ந்திருப்பதால், செங்கற் புகைபோக்கிக்குப் பதிலாக நெகிழிக் குழாய் வழியே சுவருக்கு வெளியே விடப்படுகிறது.

ஆபத்து தொடங்குவது இங்கேதான். முன்பு உலையும் வெந்நீர்க் கொதிகலனும் ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்தன. உலை விலகியபின் சிறிய கொதிகலன் மட்டும் பெரிய, குளிர்ந்த புகைபோக்கியில் தனித்து விடப்படுகிறது. அதன் சொற்ப வெப்பத்தால் அப்புகைபோக்கியில் இழுவை உண்டாவதில்லை. புகையின் நீராவி உள்ளே ஒடுங்கிச் சாந்தைக் கரைக்கிறது. இதே வீட்டில் இடுக்குகளையும் அடைத்திருந்தால், சமையலறை விசிறி இயங்கும்போது வெளியேறும் காற்றை ஈடுசெய்ய எளிய வழி புகைபோக்கியாகிவிடும். அப்போது புகை தலைகீழாக வீட்டினுள் இறங்கும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. உறங்குபவர் அறியார். ஒவ்வொரு படுக்கையறைக்கும் 10 அடிக்குள் இதற்கான எச்சரிக்கைக் கருவி இருக்கவேண்டும் என்பது மினசோட்டாச் சட்டம். கருவி இறுதிக் காவலே. உலையை மாற்றும்போதே கொதிகலனையும் மாற்றுவதோ, புகைபோக்கிக்குள் அளவான உலோகக் குழாயை இறக்குவதோ முறையான வழி.

சாளரங்கள்

விற்பனையாளர்கள் முதலில் மாற்றச் சொல்வது சாளரத்தை. இது பெரும்பாலும் தவறான தொடக்கம் ஆகும். பழைய சாளரங்கள் முதிர்காட்டு மரத்தின் நெருக்கமான வளையங்கள் கொண்ட பலகையால் ஆனவை. கயிறு, மக்கு, கண்ணாடி என எல்லாப் பகுதியும் தனித்தனியே பழுதுபார்க்கத் தக்கவை. ஒற்றைக் கண்ணாடிக்கு வெளியே நன்கு பொருந்தும் புயற்சாளரம் எனப்படும் இரண்டாவது சாளரத்தை இட்டால் வெப்ப இழப்பு ஏறத்தாழப் பாதியாகும். புதிய இரட்டைக் கண்ணாடிச் சாளரம் இதைவிடச் சற்றே மேலானது. அதன் விலையோ பன்மடங்கு. முத்திரை கெட்டால் முழுவதையும் எறியவேண்டும். சட்டம் உளுத்துப்போன சாளரத்தை மாற்றுவது வேறு விடயம்.

சாளரத்தைச் சுரண்டுமுன் வண்ணப்பூச்சைச் சோதிக்க வேண்டும். வீடுகளுக்கான ஈயம் கலந்த பூச்சு ஐக்கிய அமெரிக்காவில் 1978 இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்திய வீட்டில் சாளரம் ஏறியிறங்கும்போதே ஈயத்தூள் உதிர்கிறது. தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குச் செல்கிறது. சிறு அளவும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கூலிக்கு இவ்வேலை செய்வோர் தூள் பரவாமல் பணிபுரியும் பயிற்சிச் சான்று பெற்றிருக்கவேண்டும் என்பது 2010 முதல் நடைமுறையில் உள்ள கூட்டரசு விதி.

அடித்தளமும் நிலவறையும்

பழைய அடித்தளங்கள் கல்லையும் சுண்ணச் சாந்தையும் கொண்டவை. சுண்ணச் சாந்து மென்மையானது, ஈரத்தை வெளிவிடும். அதைச் சுரண்டிவிட்டு வலிய சிமெந்தால் பூசினால், ஈரம் கல்லுக்குள்ளும் செங்கல்லுக்குள்ளும் சிறைப்பட்டு, உறைந்து விரிந்து முகப்பை உரித்தெடுக்கும். வலிமையான பொருளே நல்ல பொருள் என்னும் எண்ணம் இங்கு பொய்க்கிறது.

குன்றிலிருந்து ஏரிக்கு இறங்கும் ஓடைகள் பல நகரினூடே செல்கின்றன. 2012 சூன் 19, 20 ஆம் நாட்களில் பெய்த பெருமழையில் அவை பெருகிப் பல நிலவறைகளை மூழ்கடித்தன. ஆயினும் ஆண்டுதோறும் நிலவறையை நனைப்பது வெள்ளம் அன்று. கூரைநீரைச் சுவரோரத்திலேயே கொட்டும் பீலிகள்தாம். நீரை சில அடி தள்ளிவிடும் ஒரு குழாய்த்துண்டு, விலையுயர்ந்த நீர்க்காப்புப் பூச்சைவிடப் பயனுள்ளது.

மண்ணிலிருந்து எழும் ரேடான் என்னும் கதிரியக்க வளிமமும் நிலவறை வழியே நுழைகிறது. இது நுரையீரற் புற்றுநோய்க்குக் காரணமாகும். மினசோட்டா வீடுகளில் ஐந்தில் இரண்டில் இதன் அளவு, லிட்டருக்கு 4 பிகோகியூரி என்னும் நடவடிக்கை எல்லையைத் தாண்டுவதாக மாநில நலவாழ்வுத் துறை கூறுகிறது. வீட்டை இறுக்கியபின் இதன் அளவு மாறக்கூடும் என்பதால் மீண்டும் சோதிப்பது நல்லது.

செலவும் வரிசையும்

பழைய வீடுகளில் வாழ்வோர் எல்லோரும் வசதி படைத்தவர் அல்லர். மலிவான வீடு என வாங்கியவரே குளிர்காலத்தில் மிகுந்த எரிபொருட் கட்டணம் செலுத்துகிறார். அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, கட்டணத் திட்டத்துக்கு உடன்பட்டு அதன்படி செலுத்திவரும் வீட்டின் வெப்ப இணைப்பைத் துண்டிப்பதை மினசோட்டா விதிகள் தடுக்கின்றன. கடன் மட்டும் தங்கிவிடும்.

1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, 1976 இல் கூட்டரசு தொடங்கிய குளிர்காப்பு உதவித் திட்டம் குறைந்த வருமானம் உடையோரின் வீடுகளைக் கட்டணமின்றி மேம்படுத்துகிறது. உரிமையாளர் இசைந்தால் வாடகைக்கு இருப்போரும் விண்ணப்பிக்கலாம். இத்திட்டத்தின் பணிவரிசை தாமே வேலை செய்வோருக்கும் பொருந்தும். முதலில் உலை, மின்கம்பி, கூரை ஒழுக்கு ஆகியவற்றைச் சோதித்துச் சீராக்குவர். பின்னர் இடுக்குகளை அடைப்பர்; அதன்பின் காப்பு இடுவர். வேலை முடிந்ததும் எல்லா விசிறிகளையும் ஒருசேர இயக்கி, புகை இன்னும் மேல்நோக்கித்தான் செல்கிறதா என்று கொதிகலனின் வாயில் மீண்டும் ஒருமுறை பார்த்த பின்னரே பணியாளர் வீட்டை விட்டு நீங்குவர்.