காளான் சாறு: உணவும் ஔஷதமும்

ஜப்பானியர் நெடுங்காலமாக உலர்த்தி வைத்துச் சமைத்துண்ணும் ஷிட்டாகே என்னும் காளானை வெந்நீரில் இட்டு வடித்த சாற்றிலிருந்து ஒரு பதார்த்தத்தைப் பிரித்தெடுத்து, அதனை ஊசி மூலம் செலுத்தியபோது சுண்டெலிகளின் கட்டிகள் அடங்கின என்று, அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த கோரோ சிஹாராவும் அவருடைய சகாக்களும் 1969இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் அறிவித்தனர். லென்டினான் எனப் பெயர் பெற்ற அப்பதார்த்தம், இரைப்பைப் புற்றுநோய்க்கு மற்ற மருந்துகளோடு சேர்த்து அளிக்கும் ஊசிமருந்தாக 1985இல் ஜப்பானில் அனுமதி பெற்றது.

லென்டினான், குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாய்த் தொடுத்த பீட்டா குளுக்கான் வகையைச் சேர்ந்தது. இவ்வகைப் பொருள்களை நம் ஜீரண நீர்கள் சிதைக்க வல்லவையல்ல. ஆயினும் பூஞ்சைகளின் செல்சுவரில் அவை அமைந்திருப்பதால், பூஞ்சைத் தொற்றை எதிர்க்க வேண்டிய நம் வெள்ளணுக்கள் அவற்றை இனங்கண்டு விழித்தெழுகின்றன. அவ்வாறு இனங்காண்பதற்கு வெள்ளணுக்களில் உள்ள ஏற்பி டெக்டின்-1 என்பது 2001இல் தெளிவாயிற்று.

ஆனால் சுத்திகரித்து, வைத்தியரின் மேற்பார்வையில் இரத்தத்தில் செலுத்தும் மருந்தின் பலனை, வாயால் உட்கொண்டு குடலைக் கடந்து செல்லும், கடைகளில் விற்கும் காளான் சாற்றுப்பொடிக்கும் உரியதாகக் கூறுவது நியாயமன்று. மேலும், எவ்வாறு வடித்தார்கள் என்பதைப் பொறுத்தே சாற்றின் குணம் அமையும். வெந்நீர் பீட்டா குளுக்கானைக் கரைத்தெடுக்கும். வெயில் பட்டால் வைட்டமின் டி2 ஆக மாறும் எர்கோஸ்டெராலோ கொழுப்பில் கரைவதாகையால் பெரும்பாலும் சக்கையிலேயே தங்கிவிடும். நம் சரீரம் தானாக உண்டாக்க இயலாததும், உயிரணுக்களுக்குள் சேர்ப்பதற்கென்றே ஒரு தனிக் கடத்தி அமைந்திருப்பதுமான எர்கோதயோனின், நீரில் கரையும் இயல்பால் சாற்றோடு வரும்.

ஆதலால் இப்பொடிகளை வாங்குவோர், காளானின் எப்பகுதியிலிருந்து, எம்முறையில் எடுத்தது, பீட்டா குளுக்கான் எவ்வளவு என்னும் விவரங்களைக் கேட்டறிதல் அவசியம். தானியத்தின்மேல் வளர்த்த பூஞ்சையிழைகளைத் தானியத்தோடு அரைத்த பொடியில் மாவுச்சத்து மிகுந்திருக்கும். பீட்டா குளுக்கானைப் போல் அதுவும் பாலிசாக்கரைடு என்னும் சர்க்கரைச் சங்கிலியே ஆகையால், ‘பாலிசாக்கரைடு மிகுந்தது’ என்னும் விளம்பரம் மட்டும் பீட்டா குளுக்கானுக்குச் சான்றாகாது.

நன்றாக வேகாத ஷிட்டாகே சிலருக்குச் சாட்டையடி போன்ற தடிப்புகளை உண்டாக்கும். எனவே நன்கு சமைத்துண்பதே உத்தமம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போரும், நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்து உட்கொள்வோரும் தம் வைத்தியரைக் கலந்த பின்னரே சாற்றை நாட வேண்டும். சாற்றை நம்பி மருந்தை நிறுத்துதல் எவருக்கும் தகாது.