பக்கத்துக்கு முப்பது நிமிடம்

1980-களில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வளர்ந்தவர்கள் முதன்முதலில் சொந்தமாக வைத்திருந்த கேசட் பெரும்பாலும் கம்பெனி வெளியிட்டதாக இருக்காது. ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கியதாக இருக்கும். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே அப்படி ஒரு கடை இருந்தது. வேண்டிய பாட்டுகளை நோட்டுத்தாளில் எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். எல்.பி. ரெக்கார்டிலிருந்து பதிந்து, அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் பாட்டுகளின் முதல் அடியை எழுதி, இரண்டு நாள் கழித்துத் தருவார்கள்.

சி-60 என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போட்டால் மூன்று நிமிடம் மிஞ்சும். அந்த இடத்தை வெறுமனே விட அந்தக் கடைக்காரருக்கு மனம் வராது. பழைய பாட்டுகள்தான் மூன்று, மூன்றரை நிமிடத்தில் முடியும் என்பதால், நாங்கள் கேட்ட இளையராஜா பாட்டுகளின் வாலில் ஒரு பி.பி.ஸ்ரீனிவாஸ் பாட்டோ, ஏ.எம்.ராஜா பாட்டோ வந்து உட்கார்ந்துகொள்ளும். சில சமயம் கடைசிச் சரணத்தின் நடுவிலேயே நாடா தீர்ந்துவிடும். ஏ.எம்.ராஜாவை நான் தேடிப் போகவில்லை. மிச்ச நாடாவில் அவர் என்னிடம் வந்து சேர்ந்தார்.

இன்று கைபேசியில் ஒரு பாட்டு முடிந்தால் அடுத்தது தானாக ஓடுகிறது. அதுவும் மிச்ச இடத்தை நிரப்புவதுதான். ஆனால் செயலி நிரப்புவது நான் ஏற்கெனவே கேட்டவற்றை வைத்து. கடைக்காரர் நிரப்பியது அவருடைய ரசனையை வைத்து. பிடிக்குமா, பிடிக்காதா என்று அவர் யோசிக்கவில்லை. நல்ல பாட்டு, கேட்கட்டும் என்று போட்டார். பிடிக்காவிட்டாலும் அடுத்த பக்கம் திருப்புவதற்குள் அது காதில் விழுந்தே தீரும். பத்துப் பதினைந்து முறை விழுந்தபின் பிடித்துப் போனவை எத்தனையோ. ஒரு பாட்டைப் பிடிக்கவில்லை என்று ஐந்தாவது நொடியில் தள்ளிவிடும் வசதி அப்போது இருந்திருந்தால், பழைய பாட்டு என்ற உலகமே எனக்குத் திறந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் வீட்டு டூ-இன்-ஒன், அதாவது வானொலியும் கேசட்டும் சேர்ந்த பெட்டி, சின்ன மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. கேசட் நாடா ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். மோட்டார் ஆறு சதவீதம் கூடுதலாக ஓடினால் பாட்டு அரை சுருதி உயர்ந்துவிடும். எங்கள் பெட்டி அப்படித்தான் ஓடியது. அதை வேறு பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு வாய்ப்பில்லை. பல வருடம் கழித்து, சி.டி.யில் அதே பாட்டுகளைக் கேட்டபோது எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரல் களைத்துப்போனது போலத் தோன்றியது. சரியான சுருதி எது என்று இப்போது தெரியும். இருந்தும் குளிக்கும்போது பாடினால் வாய் இன்னமும் அந்தப் பெட்டியின் சுருதியைத்தான் பிடிக்கிறது.

நாடாவில் இன்னொன்றும் உண்டு. சுருட்டி வைத்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் மெல்லியதாக ஒட்டிக்கொள்ளும். அதனால் பாட்டு தொடங்குவதற்கு ஓரிரு விநாடி முன்பே, அதன் முதல் ஒலி எங்கோ தூரத்தில் கேட்பதுபோலக் கேட்கும். டிஜிட்டல் பதிவில் அந்தக் கோளாறு இல்லை, இருக்கவும் கூடாது. ஆனாலும் சில பாட்டுகளுக்கு முன்னால் என் காது இன்றும் அந்த மங்கல் ஒலியை எதிர்பார்க்கிறது.

கம்பெனி அச்சிட்ட அட்டையோடு நான் வாங்கிய முதல் கேசட், இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986-இல் வந்தது. சினிமா இல்லை, பாடகர் இல்லை, வரிகள் இல்லை. தியாகராஜருக்கும் பாகுக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்ட தொகுப்பு. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையனுக்குத் தியாகராஜர் புதியவர் அல்ல. தை மாதம் திருவையாற்றில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடுவதை வானொலியில் கேட்டு வளர்ந்தவன். பாக் யாரென்றுதான் தெரியாது. அவர் ஜெர்மன் இசையமைப்பாளர், 1750-இல் இறந்தார், தியாகராஜர் 1767-இல் பிறந்தார், இருவரும் ஒரே காலத்தில் மூச்சுவிட்டதுகூட இல்லை என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. கேசட்டில் அவர்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இருந்தார்கள்.

அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று. ஒரு வயலின் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்க, அதன் மேலே மற்ற வயலின்கள் நம்மூர்ப் பாணியில் வளைந்து நெளிந்து போகும். தொகுப்பில் தனி வயலின் வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன். அடியில் ஓடுவது பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் முதல் பகுதி. துணைக்கருவி எதுவும் இல்லாமல் ஒரே வயலினில் வாசிப்பதற்காக, 1720 வாக்கில் எழுதப்பட்டது. பள்ளியில் படித்த எனக்கு இது எப்படித் தெரியும்? முழுவதையும் இளையராஜா எழுதியதாகவே கேட்டேன். மூலத்தைத் தனியாகக் கேட்க இருபது வயது தாண்டிவிட்டது. சென்னையில் நண்பர் அறையில் ஒரு சி.டி. ஓடியது. மூலமே அதுதான், உலகமே கொண்டாடுவது அதைத்தான். எனக்கோ யாரோ எழுந்து போய்விட்ட வீடு மாதிரி இருந்தது. இன்றைக்கும் எந்தக் கலைஞர் அதை வாசித்தாலும், இல்லாத அந்த மேல் வயலின்களை நானே மனத்துக்குள் வாசித்துக்கொள்கிறேன்.

இதற்கு அடுத்து வருவதன் பெயர் 'அண்ட் வி ஹேட் எ டாக்'. என் வீட்டில் பாகைச் சந்தித்தேன், பேசிக்கொண்டிருந்தோம் என்று இரண்டு தலைப்புகளும் சேர்ந்தால்தான் ஒரு வாக்கியம். வரிசையைக் கலைத்தால் சந்திப்பதற்கு முன்பே பேச்சு முடிந்துவிடும். கேசட்டில் வரிசையைக் கலைக்க முடியாது. இளையராஜா நினைத்த வரிசையில்தான் அது எங்களுக்குள் இறங்கியது. ஒன்று முடியும்போதே அடுத்ததன் முதல் ஸ்வரம் மனத்தில் எழுந்து நிற்கும். பாலு மகேந்திரா 'வீடு' படத்தில் இந்தத் தொகுப்பின் இசையைப் பயன்படுத்தியிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்தபோது நான் கதையை விட்டுவிட்டு, அடுத்து வர வேண்டியது ஏன் வரவில்லை என்று காத்துக்கொண்டிருந்தேன்.

என் அக்கா மகள் சென்னையில் மேற்கத்திய வயலின் கற்கிறாள். இந்தத் தொகுப்பை அவள் கைபேசியில்தான் கேட்டாள், அதுவும் கலைந்த வரிசையில். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்குக் கிடைத்திருப்பதைச் சாதாரணமாக எண்ண மாட்டேன். நான் பல வருடம் கழித்துக் கேட்ட மூலத்தை அவள் ஒரு நிமிடத்தில் எடுத்தாள். நான்கு பேர் வாசிப்பதை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். ஸ்வரக்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் மேல் வயலின் நுழைகிறது என்று எனக்கே காட்டினாள். இன்னொரு மாற்றமும் உண்மையான மகிழ்ச்சி தருகிறது. அன்றைய சினிமாக் கேசட் அட்டைகளில் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பெயரோடு சரி. அந்தப் புல்லாங்குழலை வாசித்தவர் யார் என்று தெரியாமலே ஒரு தலைமுறை உருகியது. இன்று பல இசையமைப்பாளர்கள் யூடியூபில் பாட்டுக்குக் கீழே வாசித்தவர் ஒவ்வொருவர் பெயரையும் போடுகிறார்கள்.

அவளுக்கும் எனக்கும் ஒத்துப்போகாத இடம் ஒன்றுதான்.

"மாமா, பாக் தனியா இருக்கிறதுதான் அழகு. மேல வர்ற வயலின் எல்லாம் விருந்தாளி மாதிரி இருக்கு."

அவள் வகுப்பில் முதலில் கேட்டது தனி வயலின். என் காதில் முதலில் விழுந்தது கூட்டம். எத்தனை முறை இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டாலும் அவள் தன் பக்கம் விட்டு வருவதில்லை, நானும் வருவதாக இல்லை. அடுத்து 'நத்திங் பட் விண்ட்' கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழலை வைத்து இளையராஜா 1988-இல் செய்தது. வரிசை மாற்றாமல் கேள் என்று சொன்னேன், சரி என்றிருக்கிறாள்.