தங்க மெடலை அடகு வெச்ச கோல்கீப்பர்!

1999 மகளிர் கால்பந்து உலகக்கோப்பை ஃபைனல். கலிஃபோர்னியாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் 90,000 பேருக்கும் மேல் கூட்டம். சீனாவோடு பெனால்ட்டி ஷூட் அவுட். கடைசி கிக்கை கோலாக்கிட்டு பிராண்டி சாஸ்டெய்ன் ஜெர்சியைக் கழற்றிச் சுழற்றிய போட்டோ உங்க கண்ணிலும் பட்டிருக்கும். ஆனா, அதுக்கு முன்னாடி லியு யிங் அடிச்ச பந்தைப் பாய்ஞ்சு தடுத்தாங்களே, அமெரிக்க கோல்கீப்பர் பிரியானா ஸ்கரி... அவங்களைத் தெரியுமா? அந்த சேவ் இல்லைன்னா அந்த போட்டோவே இல்லை!

1996, 2004-ன்னு ரெண்டு ஒலிம்பிக் தங்கமும் ஜெயிச்சவங்க. 2010-ல் ஒரு லீக் மேட்ச். தாழ்வா வந்த பந்தைக் குனிஞ்சு பிடிக்கும்போது, எதிரணி வீராங்கனையின் முழங்கால் நெற்றிப்பொட்டில் மோதிடுச்சு. அப்பவும் முதல் பாதி முடியற வரைக்கும் ஆடினாங்க. மண்டைக்குள்ள மூளை குலுங்குற 'கன்கஷன்' சாதாரண ஸ்கேன்லகூட பெரும்பாலும் தெரியாது. 'பார்க்க நல்லாத்தானே இருக்காங்க'ன்னு சுத்தி இருக்கிறவங்க நினைச்சுடுவாங்க. அதுதான் இதுல கொடுமை. ஓயாத தலைவலி, மறதி, டிப்ரஷன்... கேரியர் அதோட முடிஞ்சது. கையில் காசில்லாம ரெண்டு தங்க மெடலையும் 18,000 டாலருக்கு அடகு வெச்சாங்க.

2013-ல் பின்னந்தலை நரம்பில் செஞ்ச ஆபரேஷனுக்குப் பிறகுதான் வலி குறைஞ்சது. மெடல்களையும் மீட்டுட்டாங்க. 2017-ல் அமெரிக்காவின் தேசிய கால்பந்து ஹால் ஆஃப் ஃபேம்ல இடமும் கிடைச்சது. இப்போ கன்கஷன் பத்தி மேடை மேடையா பேசுறாங்க. தலையில் அடிபட்டா, அன்னைக்கு மறுபடி களத்தில் இறங்காதீங்க. முதல்ல டாக்டரைப் பாருங்க.