ஆய்வுசார் கலைத்திட்டங்களுக்கான பரிசும் நல்கையும்: புளியங்குடியை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையால் பெயர்பெற்ற ஊர். அவ்வூர் எலுமிச்சைக்கு 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சந்தையில் விலை உருவாகும் முறையையும் அங்கு நிகழும் கூலியுழைப்பையும் பொருளியல் மாணவர் ஒருவர் ஆராய விரும்பினால், பல்கலைக்கழகமும் உதவித்தொகையும் அவருக்கு வழிகாட்டும். அதே பொருளை ஓர் ஓவியரோ ஒளிப்படக் கலைஞரோ ஈராண்டுக் காலம் ஆராய முற்பட்டால் அவருக்குத் துணைநிற்பது எது? இவ்வினாவுக்கு விடையாக அமையும் பரிசு, நல்கை ஆகியவற்றின் இயல்பை இக்கட்டுரை விளக்குகிறது.

பரிசும் நல்கையும்

கலைப்பரிசு பொதுவாக முடிவுற்ற படைப்பைப் பாராட்டுவதாகும். ஆய்வுநல்கை முடிவுறாத தேடலுக்குக் காலமும் பொருளும் அளிப்பதாகும். பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ‘இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்’ 1993இல் நிறுவப்பெற்று, 1995 முதல் நல்கைகளை வழங்கி வருகிறது. கலை ஆய்வுக்கும் கலைச் செயற்பாட்டுக்கும் அந்நிறுவனம் தனித்தனித் திட்டங்களை வகுத்துள்ளது. ஆங்கிலத்திலன்றி இந்திய மொழிகளிலும் விண்ணப்பிக்கலாம் என்பது தமிழ்வழிக் கலைஞர்கள் கருத்தில் கொள்ளத்தக்கது.

இவ்விரு வகைக்கும் இடைப்பட்ட பரிசுகளும் உள்ளன. 2022இல் ஹாசல்பிளாட் விருது பெற்ற ஒளிப்படக் கலைஞர் தயானிதா சிங், ‘பாரி’ எனப்படும் ஊரக இந்திய மக்கள் ஆவணகத்துடன் இணைந்து அதே ஆண்டில் ஆவண ஒளிப்பட விருதொன்றைத் தோற்றுவித்தார். அதன் முதல் விருதைப் பெற்றவர் தமிழகத்தைச் சேர்ந்த எம். பழனிக்குமார். ஒளிப்படக் கலையைத் தாமே கற்ற இவர், தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும், இராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்களின் உழைப்பையும் நெடுங்காலமாகப் பதிவுசெய்து வருபவர். இவ்விருது தனிப்படத்தின் அழகைக் காட்டிலும் நெடுநாள் களப்பணிக்கு அளிக்கப்பெற்ற ஏற்பு எனலாம்.

கலையில் ஆய்வு என்பது

கலைஞரின் ஆய்வு எத்தகைய அறிவைத் தருகிறது என்பதற்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஓவியருமான தா. சனாதனனின் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ (2011) தக்க சான்று. தோம்பு என்பது குடியேற்ற ஆட்சிக் காலத்து நிலப்பதிவேடு. போரால் இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த வீடுகளின் தளப்படங்களை நினைவிலிருந்து வரைந்தனர். அவை கட்டடக்கலை வரைபடங்களாக மாற்றப்பட்டன. ஓவியர் அவற்றுடன் தம் ஓவியங்களையும் இணைத்தார். அரசுப் பதிவேடு நிலத்தின் அளவையும் எல்லையையும் கூறும். நினைவில் வரைந்த கோடு, அங்கு வாழ்ந்தவர் எதனை மறக்கவில்லை என்பதைக் கூறுகிறது. கோட்டின் தடுமாற்றமும் இங்கு ஒரு தரவாகிறது.

மதிப்பீட்டுச் சிக்கல்

நல்கைக்கான விண்ணப்பம் நோக்கம், முறையியல், காலவரையறை, பயன் ஆகியவற்றை முன்கூட்டியே கேட்கும். கலைஞரோ தம் முறையியலைக் களத்திலேயே கண்டடைகிறார். இதனால் ஆய்வுமொழியில் பயிற்சி பெற்றவருக்கு வாய்ப்பு கூடுகிறது. சிற்றூர்க் கலைஞர் தகுதியிருந்தும் விண்ணப்பத்தாளிலேயே பின்தங்க நேர்கிறது. இவ்விடைவெளியைத் தமிழ்த்துறைகள் குறைக்க இயலும். தொழிற்சொல் தொகுப்பு, வாய்மொழி வரலாற்றுப் பதிவு, இடப்பெயராய்வு ஆகியன அத்துறைகளின் நெடுநாள் பயிற்சிகள். அவற்றைக் கலைஞரோடு பகிர்ந்துகொண்டால் விண்ணப்பமும் வலுப்பெறும், ஆய்வும் ஆழம்பெறும்.

முடிவுரை

ஆய்வுசார் பரிசின் பயன் கலைஞரோடு முடிவதன்று. புளியங்குடிச் சந்தையில் காய் தரம்பிரிப்பவரின் கைப்பழக்கமும் எடையிடுபவரின் வழக்குச்சொல்லும் எப்பதிவேட்டிலும் இடம்பெறாமல் மறையக்கூடியவை. அவற்றைப் பதிவுசெய்யும் கலைஞர் உழைப்பவரின் இசைவைப் பெறுதலும், முடிந்த படைப்பின் படியொன்றை அவ்வூர் நூலகத்தில் வைத்தலும் கடமையாகும். தேர்வுக்குழுக்கள் இக்கடமையையும் அளவுகோலாகக் கொள்ளுமாயின், நல்கை ஒரு கலைஞருக்கு வாய்த்த உதவியாக மட்டும் நில்லாது ஓர் ஊரின் நினைவுக்கும் உரியதாகும்.