மாசியில் மலை, மறுநாள் கடல்

ஆஸ்திரேலியாவில் கெய்ன்ஸ் என்றொரு ஊர். ஒரே பயணத்தில் டெயின்ட்ரீ மழைக்காட்டையும், எதிர்க்கடலில் கிடக்கும் மாபெரும் பவளத்திட்டையும் பார்த்துவிடலாம் என்று உலகமே அங்கே பறக்கிறது. நம்மிடமும் அப்படி ஒரு ஜோடி இருக்கிறது. களக்காட்டு மலையில் மழைக்காடு. கீழே இறங்கிக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போனால், தூத்துக்குடிக்கு எதிரே தீவுகளைச் சுற்றிப் பவளப் பார். அளவிலும் வசதியிலும் கெய்ன்ஸோடு போட்டி போட முடியாதுதான். ஆனால் லட்சக்கணக்கில் டிக்கெட்டுக்குக் கொட்ட வேண்டியதில்லை. மாதத்தை மட்டும் சரியாகப் பார்க்க வேண்டும். பள்ளி லீவை வைத்து மே மாதம் கிளம்புகிறவர்கள் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

களக்காடு ஊருக்குள் நின்று பார்த்தால் மழைக்காட்டின் சுவடே தெரியாது. ஏத்தன் வாழைத் தோட்டங்கள், குளங்கள், கரையில் உடைமரங்கள். தலையணை என்கிற இடத்தைத் தாண்டி செங்கல்தேரிக்கு ஏறும் மலைப்பாதையில்தான் காடு ஆளை மாற்றுகிறது. முதலில் முட்புதர், பிறகு இலையுதிர் மரங்கள், கடைசியில் வெயில் தரையைத் தொடாத பசுமைமாறாக் காடு. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் ஏறி, மலைமுகட்டில் ஈரத்தைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையும் முகட்டுக்குக் கிடைக்கிறது. ஆக, மேலே வறண்ட மாதங்கள் குறைவு. மலைமேல் இருக்கும் காக்காச்சியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. திருநெல்வேலி நகருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வருவதில்லை.

இந்த மழை வளர்க்கிற மரங்களில் வெடிபலாவை அவசியம் பார்க்க வேண்டும். டுரியான் குடும்பம், காயும் அப்படியே முள் போர்த்திருக்கும். கோடை முற்றும் முன்பே பூக்கத் தொடங்கிவிடும். பூக்கள் கிளையின் பட்டையிலிருந்தே கொத்துக்கொத்தாகப் பிதுங்கி நிற்கும். இதழ் கிடையாது, இருப்பதெல்லாம் சதைப்பற்றான புல்லிக்குழலும் அதற்குள் தேனும்தான். காட்டில் வேறு பழம் அதிகம் இல்லாத நேரம் அது. சோலைமந்தி, மலையணில், மரநாய், வௌவால் எல்லாம் இந்த மரத்துக்குத்தான் வருகின்றன. பூவைத் தின்றே தீர்த்துவிடுமே, மரத்துக்கு என்ன லாபம்? காக்காச்சியில் மர உச்சிவரை ஏறி ஆய்வு செய்தவர்கள் கண்டது இதுதான்: தின்ன வருகிற பாலூட்டிகளின் முகத்திலும் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டுதான் மகரந்தம் அடுத்த மரத்துக்குப் போகிறது. சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்குக்காகவே 1976-இல் களக்காடு சரணாலயமானது. 1988-இல் முண்டந்துறையோடு சேர்ந்து, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமும் ஆனது.

இனிக் கடல். களக்காட்டுப் பச்சையாறு தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. ஆனால் ஆற்று முகத்துவாரத்தில் பவளத்தைத் தேடக் கூடாது. நன்னீரும் வண்டலும் பவளத்துக்கு ஆகாது. வண்டல் மூடினால் வெளிச்சம் போய்விடும். பவள உயிரியின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு வெளிச்சம் வேண்டும், அந்தப் பாசிதான் அதற்குச் சோறும் நிறமும். அதனால் பவளமெல்லாம் வடக்கே, தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றித்தான். 1986-இல் தேசியப் பூங்காவானவை இவை. அவற்றில் இரண்டு மூழ்கியே போயின. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலத்துக்கு நாம் கொடுத்த விலை அது. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவும் கரைந்துகொண்டிருந்தது. இப்போது செயற்கைப் பார்களை இறக்கி அலையை மட்டுப்படுத்திக் காப்பாற்றுகிறார்கள்.

சித்திரை, வைகாசியில் கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் சூடாகவே நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். வெளுத்த எலும்புக்கூடுதான் கண்ணுக்குத் தெரியும். அப்போதே செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. சூடு தணிந்தால் மீளும், தணியாவிட்டால் மடியும். 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது கடுமையாக நடந்தது. கோடைச் சூட்டைத் தொடர்ந்து மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பிவிட்டால் தண்ணீர் கலங்கல். சங்கு குளிக்கப் போகிறவர்களிடம் கேட்டால் கடல் எப்போது தெளியும் என்பதைத் துல்லியமாகச் சொல்வார்கள்.

ஆக, தை பாதியிலிருந்து மாசிவரைதான் தோதான காலம். மலையில் ஓடைகள் வற்றியிருக்காது, வெடிபலா பூக்க ஆயத்தமாகியிருக்கும், கடலும் தெளிந்து கிடக்கும். பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காலம் என்பது எனக்கும் தெரியும். இரண்டு நாள் லீவு போட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

செங்கல்தேரிப் பக்கம் போக வனத்துறை அனுமதி கட்டாயம். காட்டுத்தீப் பயம் வந்துவிட்டால் பாதையை அடைத்துவிடுவார்கள் என்பதால் மாசியைத் தாண்ட விடாதீர்கள். தீவுகளில் நினைத்தபடி இறங்க முடியாது. ராமநாதபுரம் மாவட்டக் கரையில் விடப்படும் கண்ணாடி அடிப் படகுதான் பவளம் பார்க்கச் சுலபமான வழி. அதற்காகத் தூத்துக்குடியிலிருந்து இன்னொரு நீண்ட பயணம் இருக்கிறது. காலைப் படகையே பிடியுங்கள். காற்று ஏறிவிட்டால் அலையடித்துக் கண்ணாடிக்குக் கீழே எதுவும் தெரியாது.