இலங்கையில் கார் வாடகைக்கு எடுக்கும் முன்: சாவியைவிட பேப்பர் முக்கியம்

வெளிநாட்டுல போய் கார் வாடகைக்கு எடுத்து நாமளே ஓட்டிட்டு சுத்தறது பத்தி ஒரு எபிசோட் போடச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பாலி, புக்கெட், மொரிஷியஸ்னு ஆளாளுக்கு ஒரு ஊர் சொன்னீங்க. நான் எடுத்துக்கப்போறது நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற இலங்கை. இதைப் புரிஞ்சுக்கிட்டா மத்த ஊருக்கும் இதே லாஜிக்தான்.

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். சேத்தியாத்தோப்புல இருந்து நாலு ஃப்ரெண்ட்ஸ் கிளம்பறாங்க. சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியா நாகப்பட்டினம். அங்க இருந்து கப்பல். 2023 அக்டோபர்ல ஆரம்பிச்ச நாகை - காங்கேசன்துறை சேவை நடுவுல நின்னுபோய், 2024 ஆகஸ்ட்ல 'சிவகங்கை' கப்பலோட திரும்ப ஓட ஆரம்பிச்சது. சுமார் நாலு மணி நேரத்துல யாழ்ப்பாணம் பக்கம் இறங்கிடலாம். கடல் சீற்றமா இருக்கற மழைக்காலத்துல நிறுத்திடுவாங்க, அதைப் பார்த்துட்டு டிக்கெட் போடுங்க. இது பயணிகள் கப்பல்தான், நம்ம காரை ஏத்திட்டுப் போக முடியாது. அதனால அங்க போய்த்தான் வண்டி எடுக்கணும்.

இதுல பெரும்பாலும் கேட்கற கேள்வி, "அங்க ஓட்டறது கஷ்டமா ப்ரோ?" இல்லை. அங்கேயும் இடது பக்கம்தான், ஸ்டியரிங் வலது பக்கம்தான். விக்கிரவாண்டி - கும்பகோணம் ரோட்டுல, வேலை முடியாத நாலு வழிச்சாலைக்கு நடுவுல, எதிர்ல வர்ற கரும்பு டிராக்டருக்கும் பின்னாடி ஹாரன் அடிக்கற பஸ்ஸுக்கும் வழி விட்டு ஓட்டிப் பழகினவங்களுக்கு யாழ்ப்பாணம் ரோடு ஒரு விஷயமே இல்லை.

கஷ்டம் ரோட்டுல இல்லை, பேப்பர்ல இருக்கு.

ஐ.டி.பி. லைசென்ஸ் இல்லை

இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட், சுருக்கமா ஐ.டி.பி. பேரைக் கேட்டா ஏதோ உலக லைசென்ஸ் மாதிரி இருக்கும். உண்மையில அது உங்க இந்திய லைசென்ஸோட மொழிபெயர்ப்பு மட்டும்தான். ஒரிஜினல் லைசென்ஸ் கையில இல்லைன்னா ஐ.டி.பி.க்கு மதிப்பு இல்லை. ரெண்டும் சேர்ந்துதான் போகணும்.

வாங்கறது சுலபம். உங்க லைசென்ஸ் எந்த ஆர்.டி.ஓ.வுல இருக்கோ, கடலூர்னா டி.என். 31, சிதம்பரம்னா டி.என். 91, அங்க படிவம் 4ஏ. அரசு கட்டணம் 1,000 ரூபாய். பாஸ்போர்ட், லைசென்ஸ் காப்பி வேணும். ஒரு வருஷம் செல்லும். பரிவாகன் சைட்லயே அப்ளை பண்ணலாம். ஆன்லைன்ல சில சைட்டுங்க டாலர்ல காசு வாங்கிட்டு 'டிஜிட்டல் ஐ.டி.பி.'னு ஒரு பி.டி.எஃப். அனுப்பும். அதை நம்பி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பாதீங்க.

ரெண்டாவது விஷயம், உங்க லைசென்ஸ்ல என்ன வகை வண்டி இருக்கோ அதுக்கு மட்டும்தான் ஐ.டி.பி. கிடைக்கும். கார் மட்டும் போட்டிருந்தா, தாய்லாந்துல பீச் ஓரமா ஸ்கூட்டர் எடுத்து ஓட்டறது அங்க லைசென்ஸ் இல்லாம ஓட்டறதுதான். ஸ்கூட்டர் கடைக்காரர் பாஸ்போர்ட் காப்பி மட்டும் வாங்கிட்டு சாவியைக் குடுத்துடுவார். அவர் குடுத்துட்டார்ங்கறதால சட்டப்படி சரின்னு ஆகிடாது.

மூணாவது, எல்லா நாடும் எல்லா ஐ.டி.பி.யையும் ஏத்துக்காது. நம்ம அரசு குடுக்கறது 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படியான பர்மிட். இலங்கை, தாய்லாந்து, மலேசியா எல்லாம் அந்த ஒப்பந்தத்துல இருக்கு. வியட்நாம் கேட்கறது 1968 ஒப்பந்தத்தின்படியானது. இப்ப ரீல்ஸ் பார்த்துட்டு வியட்நாம் மலைப்பாதையில பைக் ஓட்டக் கிளம்பற பசங்க இதை ஒரு தடவை செக் பண்ணிடுங்க. அங்க வண்டி வேற வலது பக்கம் ஓடும்.

இலங்கையில ஒரு படி கூடுதல்

இலங்கையில ஐ.டி.பி.யைக் காட்டிட்டு நேரா ஓட்டிட முடியாது. கொழும்புல இருக்கற ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன்ல அதுக்கு ஒரு அங்கீகாரம் வாங்கணும். ஐ.டி.பி. இல்லாதவங்க மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல தற்காலிக அனுமதி வாங்கணும். அங்க லைசென்ஸுக்கு 'சாரதி அனுமதிப்பத்திரம்'னு பேரு, போர்டுல இந்த வார்த்தையைத் தேடுங்க. 2025 ஆகஸ்ட்ல இருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துலயே இந்தத் தற்காலிக அனுமதிக்கு ஒரு கவுன்டர் திறந்திருக்காங்க. சென்னையில இருந்து ஃப்ளைட்ல போறவங்களுக்கு வசதி.

ஆனா நம்ம நாலு பேர் கப்பல்ல போய் காங்கேசன்துறையில இறங்கறாங்களே? அங்க இருந்து கொழும்பு கிட்டத்தட்ட 400 கி.மீ. ஒரு சீலுக்காக யாரும் அவ்வளவு தூரம் போகப்போறது இல்லை. அதனால கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே வாடகை கம்பெனிக்கு ஸ்கேன் காப்பி அனுப்பி, அங்கீகாரத்தை வாங்கி வைக்கச் சொல்லணும். நிறைய கம்பெனிங்க இதைச் செஞ்சு குடுக்கறாங்க. "அதெல்லாம் தேவையில்லை தம்பி, போலீஸ் பிடிச்சா நான் பேசிக்கறேன்"னு சொன்னா, வேற கம்பெனி பாருங்க.

எரர் மெசேஜ் லேட்டா வரும்

ஏன் இவ்வளவு கெடுபிடி? போலீஸ் பிடிச்சா அபராதம், அவ்வளவுதானேன்னு தோணும். பிரச்சினை போலீஸ் இல்லை, இன்சூரன்ஸ்.

சாஃப்ட்வேர்ல டிபெண்டன்சின்னு சொல்வோம்ல, அது மாதிரி இது ஒரு சங்கிலி. ஒரிஜினல் லைசென்ஸ் மேல ஐ.டி.பி. நிக்குது. அது மேல உள்ளூர் அங்கீகாரம். அது மேல வாடகை ஒப்பந்தம். கடைசியா இன்சூரன்ஸ். கீழ ஒண்ணு உடைஞ்சா மேல இருக்கறது செல்லாமப் போகலாம். கோட்ல இப்படி ஆனா பில்ட் உடனே ஃபெயில் ஆகி சிவப்புல காட்டும். இங்க வண்டி ஸ்டார்ட் ஆகும், ஏ.சி. ஓடும், பாட்டு ஓடும். எரர் மெசேஜ் விபத்துக்கு அப்புறம்தான் வரும்.

கணக்காப் பார்க்கலாம். வாடகை ஒப்பந்தத்துல சி.டி.டபிள்யூ.னு ஒண்ணு இருக்கும், கொலிஷன் டேமேஜ் வெய்வர். "வண்டி சேதமானா, ஒரு தொகைக்கு மேல உங்ககிட்ட கேட்கமாட்டோம்"னு கம்பெனி குடுக்கற வாக்குறுதி அது. அந்தத் தொகைக்கு எக்ஸஸ்னு பேரு. எக்ஸஸ் நம்ம ரூபாய்ல 1 லட்சம்னு வச்சுக்குவோம். 30,000 ரூபாய்க்கு டேமேஜ்னா முழுசும் உங்க காசு. 4 லட்சத்துக்கு டேமேஜ்னா உங்க பங்கு 1 லட்சம், மீதி 3 லட்சம் அவங்களுது. சங்கிலி உடைஞ்சிருந்தா? 4 லட்சமும் உங்க தலையில விழலாம். இது வெறும் தகரத்துக்கு. ரோட்டுல போன ஒரு மனுஷன் மேல மோதியிருந்தா இழப்பீடு, கோர்ட், வழக்கு முடியற வரைக்கும் ஊர் திரும்ப முடியாத நிலைமைன்னு போகும். லீவு 5 நாள்தான் போட்டிருப்பீங்க. வீட்டுல அப்பா எஃப்.டி.யை உடைக்க வேண்டியிருக்கும்.

சங்கிலி சரியா இருந்தாலும் சி.டி.டபிள்யூ. பொதுவா விட்டுடற விஷயங்கள் இருக்கு: டயர், கண்ணாடி, வண்டியோட அடிப்பாகம், தொலைஞ்ச சாவி. அப்புறம், ஒப்பந்தத்துல பேர் இல்லாத ஆள் ஓட்டறது. நாலு பேரும் மாத்தி மாத்தி ஓட்டப்போறீங்கன்னா, ஓட்டற எல்லார் பேரும் எழுதியிருக்கணும், எல்லார்கிட்டயும் ஐ.டி.பி.யும் அங்கீகாரமும் இருக்கணும்.

இன்னொண்ணு. நம்ம ஊர்ல செல்ஃப் டிரைவ் வண்டிக்கு கறுப்பு பலகையில மஞ்சள் எழுத்து. தெரிஞ்சவர்னு வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து ஆனா, க்ளெய்ம் சிக்கல்தான். அங்கேயும் அதே கதை. வாடகைக்கு விடறதுக்கான இன்சூரன்ஸ்தானான்னு கேட்டு, அந்த அட்டையை ஃபோட்டோ எடுத்துக்குங்க.

சாவி வாங்கறப்ப

வண்டியைச் சுத்தி ஒரு வீடியோ, தேதி தெரியற மாதிரி. பழைய கீறல், டயர், ஸ்டெப்னி, பெட்ரோல் முள், கிலோமீட்டர் எல்லாம் வரணும். டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டுல தொகையை பிளாக் பண்ணுவாங்க. எந்த நாணயத்துல, எவ்வளவு, எத்தனை நாள்ல விடுவிப்பாங்கன்னு எழுத்துல வாங்குங்க. கார்டு மெஷின் "இந்திய ரூபாய்ல கட்டறீங்களா?"னு கேட்டா வேண்டாம்னு சொல்லி உள்ளூர் நாணயத்தையே அழுத்துங்க. அந்த 'வசதி'க்கு ரேட் பெரும்பாலும் மோசமா இருக்கும். ஒரிஜினல் பாஸ்போர்ட்டை அடமானமா மட்டும் குடுக்காதீங்க.

ரோட்டுல: ஊருக்குள்ள 50, வெளியில 70, எக்ஸ்பிரஸ்வேல 100. மேப் காட்டற நேரத்தோட கொஞ்சம் கூட்டிக்குங்க. ஜீப்ரா கிராஸிங்ல ஆள் நின்னா நிறுத்துங்க. ஹபரண பக்கம் ராத்திரியில யானை ரோட்டைக் கடக்கும், இருட்டறதுக்குள்ள தங்கற இடத்துக்குப் போயிடுங்க. அவசரத்துக்கு போலீஸ் 119, ஆம்புலன்ஸ் 1990. அந்த 1990 சேவை 2016-ல இந்தியாவோட நிதி உதவியில ஆரம்பிச்சது.

அப்ப நாமளே ஓட்டணுமா, வேண்டாமா?

என் கருத்தைச் சொல்றேன். யாழ்ப்பாணத்துக்குள்ள சுத்தறதுக்கு, பருத்தித்துறை, கீரிமலை, காரைநகர் கசூரினா பீச், குறிகட்டுவான் வரைக்கும் போய் வண்டியை நிறுத்திட்டு படகுல நயினாதீவுன்னா, நாமளே ஓட்டலாம். சமதரை, சின்னச் சின்ன தூரம், பேச்சுக்கு நம்ம மொழி.

கண்டி, நுவரெலியா, எல்லன்னு மலை ஏறப்போறீங்கன்னா டிரைவரோட வண்டி எடுங்க. இலங்கையில இது ரொம்ப சாதாரணம், நிறைய ஹோட்டல்ல டிரைவர் தங்கறதுக்கே தனி அறை இருக்கும். 2025 நவம்பர் கடைசியில டிட்வா புயல் வந்தப்ப மலைப்பக்கம் நிலச்சரிவுல எத்தனை ரோடு போச்சுன்னு பார்த்தோம். எந்த வழி திறந்திருக்கு, எங்க மண் சரியும்னு மேப்பைவிட அந்த சாரதி அண்ணனுக்குத் தெரியும். அதோட, நான் சொன்ன அந்தச் சங்கிலி முழுக்க அவர் பக்கம் போயிடும். அவரோட லைசென்ஸ், அவங்க இன்சூரன்ஸ். நாள் வாடகையை நாலா வகுத்துப் பாருங்க, நிம்மதிக்கு அது பெரிய விலை இல்லை.

கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ், ரெண்டு வாரம் முன்னாடி வாடகை கம்பெனிக்கு மெயில், சாவி வாங்கற அன்னிக்கு பத்து நிமிஷம் வீடியோ. இவ்வளவுதான் வேலை. இந்த எபிசோடை உங்க ட்ரிப் குரூப்ல, முக்கியமா "நான்தான் மச்சி ஓட்டுவேன்"னு சொல்ற அந்த ஒருத்தருக்கு அனுப்பி வைங்க.