ஈயச் சுரங்க நிலத்தில் எழுந்த காடு

கோலாலம்பூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், கெப்போங்கில் இருக்கிறது மலேசிய வன ஆய்வுக் கழகம். 'ஃப்ரிம்' என்றால் பலருக்கும் தெரியும். 500 ஹெக்டருக்கும் மேல் பரந்துள்ள இதன் வனப்பூங்கா, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வட்டார இளைஞர்கள் 14 பேர் அங்கே வன நடை சென்றோம். வழிகாட்டியாக வந்தவர் காடுகளைப் பற்றி நன்கு அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்.

குரோ ஆற்றங்கரையில் நடை தொடங்கியது. முதல் நாள் இரவு பெய்த மழையில் பாதை வழுக்கியது. "மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். அனுபவமுள்ள ஒருவர் கடைசியில் வரட்டும்" என்றார் ஆசிரியர். அதனால் குழு சிதறவில்லை. நின்று பார்க்கவும் நேரம் கிடைத்தது.

தலைக்கு மேல் வானம் தெரியாத அளவுக்கு மரங்கள். இது ஆதிகாலத்துக் காடு என்றே எங்களில் பலர் நினைத்திருந்தோம். "இல்லை, இதில் பெரும்பகுதி மனிதர் நட்டது" என்று அவர் சொன்னதும் எல்லாரும் நின்றுவிட்டோம்.

வன ஆய்வுக்காக 1926-இல் ஃபாக்ஸ்வர்த்தி என்ற அறிஞர் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது, இங்கே இருந்தவை ஈயச் சுரங்கங்களும் காய்கறித் தோட்டங்களும்தான். மேடுகளில் மட்டும் பழைய மரங்கள் சில எஞ்சியிருந்தன. ஈயம் எடுக்கும்போது நீரைப் பாய்ச்சி மண்ணைக் கரைப்பார்கள். வளமான மேல்மண் போய்விடும்; மணல்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட நிலத்தில்தான் கன்றுகளை நட்டார்கள்.

விதை சேர்ப்பதும் எளிதாக இருந்திருக்காது. மெராந்தி, கெருயிங், கப்பூர் போன்ற நம் நாட்டுப் பெருமரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூட்டமாகக் காய்க்கும். விழும் விதைகளை நெல்லைப் போலச் சேமித்து வைக்கவும் முடியாது. சில நாள்களிலோ வாரங்களிலோ முளைக்கும் திறனை இழந்துவிடும்.

ஆற்றை விட்டு மேட்டில் ஏறியபோது கப்பூர் மரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். ஒரு மரத்தின் கிளை நுனி அடுத்த மரத்தைத் தொடவில்லை. இடையில் வானம் மெல்லிய ஓடைகளைப் போல வளைந்து ஓடியது. காற்றில் கிளைகள் உரசி நுனிகள் தேய்வதே காரணம் என்பது ஒரு விளக்கம். பக்கத்து மரத்தின் நிழலை உணர்ந்து துளிர்கள் வளர்ச்சியை நிறுத்துகின்றன என்பது இன்னொன்று.

கப்பூரின் இலையைக் கசக்கினால் கற்பூர வாசனை வரும். கற்பூரம், கப்பூர் இரண்டும் உறவுச் சொற்கள். இம்மரத்தின் உள்ளே படிகமாக உறையும் கற்பூரத்துக்காகவே பழங்கால வணிகர்கள் கடல் கடந்து வந்தார்கள். கற்பூரத்துக்குப் பேர்போன சுமத்ராவின் பாருஸ் வட்டாரத்தில், ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088-இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது.

மேட்டில் இளைப்பாறியபோது, பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அப்படியென்றால் காட்டை வெட்டினாலும் கவலையில்லையே, சார்? திரும்ப நட்டுக்கொள்ளலாமே?"

"முதலில் நட்டவர்கள் இந்த மரங்களை இந்த உயரத்தில் பார்த்திருக்க மாட்டார்கள், தம்பி. நீங்கள் இன்று நட்டால் யார் பார்ப்பார்கள் என்று யோசியுங்கள்" என்றார் ஆசிரியர்.

நான் அதோடு இன்னொன்றையும் சேர்ப்பேன். கெப்போங்கில் நட்டது பிழைத்ததற்குக் காரணங்கள் உண்டு. மேடுகளில் தாய்மரங்கள் எஞ்சியிருந்தன. பக்கத்திலேயே புக்கிட் லாகோங் காடு இருந்தது. அங்கிருந்து பறவைகளும் பூச்சிகளும் வந்து சேர வழியிருந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகப் பராமரிக்க ஓர் ஆய்வுக் கழகமும் இருந்தது. எல்லாக் காட்டையும் வெட்டிவிட்டால் நடுவதற்கு விதை எங்கிருந்து வரும்? கெட்ட நிலத்தை மீட்கலாம் என்பதற்கு ஃப்ரிம் சான்று. இருக்கும் காட்டை அழிக்க அது அனுமதிச் சீட்டு ஆகாது.

தமிழ்ப்பள்ளிகளும் இளைஞர் மன்றங்களும் அடுத்த விடுமுறையில் இந்த நடைக்கு ஏற்பாடு செய்யலாம். எந்தப் பாதைகள் திறந்திருக்கின்றன, கட்டணம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ளுங்கள். வழுக்காத காலணி, நீளமான காலுறை, மழைச்சட்டை, தண்ணீர், ஒரு விசில் ஆகியவை போதும். குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். சிறகு முளைத்த கப்பூர்க் காய்கள் பாதையில் கிடந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். பார்த்த பிறகு அங்கேயே போட்டுவிடுங்கள்.